மலையை மறைத்த சுவர்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து பங்கஜவல்லி டீச்சர் திரும்பி வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அவளுடைய அறை இல்லை.

பூட்டிக் கிடந்தது என்றோ, வேறு யாரோ குடியேறிவிட்டார்கள் என்றோ நினைக்க வேண்டாம். அறையே இல்லை. வாசலை ஒட்டி இடது பக்கம் இருந்த அறையின் குறுக்குச் சுவரை இடித்துத் தள்ளி, ஹாலோடு சேர்த்துவிட்டான் தம்பி கண்ணபிரான். காரிலிருந்து கைத்தாங்கலாக இறக்கப்பட்டு, வாக்கரை ஊன்றி வாசற்படி ஏறியவளுக்குச் செத்த நேரம் ஒன்றும் புரியவில்லை. அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

"எப்பிடி இருக்குக்கா?" என்றான் கண்ணபிரான். முகமெல்லாம் பூரிப்பு. "ஒனக்குத் திடீர்னு காட்டணும்னுதான் ஆஸ்பத்திரியில மூச்சு விடல."

ஐப்பசி மழையில் ராஜபாளையம் ரோட்டில் அவள் வந்த பஸ் புளியமரத்தில் மோதியது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு இடது கால் நொறுங்கிப் போயிற்று. கம்பி வைத்து, பிரித்து, மறுபடி வைத்து, ஒருவழியாகப் பங்குனியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் இனி மடங்காது, வாக்கரோ தடியோ கூடவே இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் சயின்ஸ் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் தம்பி குடும்பத்தோடுதான் இருந்தாள். தம்பிக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸ் ஆபீசர் வேலை. மனைவி கோதைநாயகி. ஒரே மகள் ஜயலக்ஷ்மி, பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

அந்த மில்லில் பெரிய அதிகாரிகள் வீட்டு விசேஷங்களுக்குப் போய்ப் போய் கண்ணபிரானுக்கு ஓர் ஏக்கம் ஊறிக் கிடந்தது. நம் வீடும் அப்படி இருக்க வேண்டும். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் ராஜபாளையத்திலிருந்து ராஜரத்தினம் என்ற இன்டீரியர் காரரைப் பிடித்து வந்து, அந்த ஏக்கத்தையெல்லாம் வீட்டின் மேல் இறக்கி வைத்துவிட்டான்.

சிவப்புத் தரை போய் மொசைக் வந்திருந்தது. கண்ணாடி மாதிரி மினுங்கியது. வாக்கரின் ரப்பர்க் கால் அதில் பட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. கோதைநாயகி ஓடி வந்து இடுப்பைப் பிடித்திராவிட்டால் டீச்சர் வந்த காரிலேயே மதுரைக்குத் திரும்பியிருப்பாள். அவளுடைய புத்தக அலமாரி நின்ற இடத்தில் ஒரு ஷோகேஸ். அதற்குள் தலையாட்டி பொம்மை, பிளாஸ்டிக் திராட்சைக் குலை, யாரோ யாருக்கோ கொடுத்த கோப்பை ஒன்று. பழுப்பு ரெக்சின் சோபா. கதவுக்குக் கதவு ஜரிகைத் திரை.

மேற்குச் சுவர் முழுக்க ஒரு படம் ஒட்டியிருந்தது. பனி மலை, நீல ஏரி, ஏரியில் ஒரு படகு, கரையில் சிவப்புக் கூரை வீடு.

"இது எந்த ஊரு தெரியுமாக்கா? சுச்சர்லாந்து!"

பங்கஜவல்லி படத்தைப் பார்க்கவில்லை. படம் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"இங்க இருந்த ஜன்னல் எங்கடா?"

"அடச்சாச்சு. சாயங்கால வெயிலு சுள்ளுனு அடிக்குதுல்ல? பொறவு சொவரு முழுசா இருந்தாத்தான் படம் எடுப்பா இருக்கும்னு ராஜரத்தினம் சொன்னாரு."

அந்த ஜன்னலைத் திறந்தால் வெற்று நிலம், நாலு பனை, அதற்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. பிளவக்கல் அணைப் பக்கம் மழை இறங்கினால் முதலில் அந்த ஜன்னலுக்குத்தான் வாசனை வரும். ஆஸ்பத்திரியில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தபோதெல்லாம் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தது ஒன்றே ஒன்று: வீட்டுக்குப் போனதும் கட்டிலை அந்த ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நிஜ மலையைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, அதன் மேல் காகித மலையை ஒட்டி வைத்திருக்கிறான் கூடப் பிறந்தவன்!

"என் சாமானெல்லாம்?"

"ஒனக்குத் தனி ரூம்பே போட்டாச்சுக்கா. அமைதியா இருக்கும்."

தனி ரூம்பு என்பது அடுக்களைக்குப் பின்னால் நெல் மூட்டை அடுக்கி வைக்கிற அறை. ஜன்னல் கிடையாது. மேலே ஒரு கண்ணாடி ஓடு மட்டும். இரண்டு படி கீழே இறங்க வேண்டும். புத்தகங்களைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டிருந்தார்கள். கக்கூஸுக்குப் போக வேண்டுமென்றால் அதே படிகளில் ஏறி, ஹாலின் ஓரமாக நடந்து, முற்றம் தாண்ட வேண்டும். பின்பக்கமாக முன்பு இருந்த வழியில் இப்போது பீரோ நின்றது.

"படி இறங்கணுமேடா?"

"ரெண்டே ரெண்டு படிதானக்கா" என்றான் கண்ணபிரான், இரண்டு காலும் நன்றாக மடங்குகிறவன்.

வந்த அன்றே சண்டையா என்று பங்கஜவல்லி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பொருமல் அடங்கவில்லை. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக அவளைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஹாலைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். "மாளிகையா ஆக்கிப்புட்டாரே கண்ணபிரான்!" என்றார்கள். அவனும் சளைக்காமல் ஷோகேஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக் காட்டினான். பின்னறையில் படுத்தபடி அவள் அந்த ஸ்விட்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் காப்பித் தண்ணி கேட்கலாமென்று சுவரைப் பிடித்துப் பிடித்து அடுக்களைக்குப் போனாள். கோதைநாயகி ஒரு மணைப்பலகை மேல் நின்று கொண்டு சாதம் வடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இது என்ன வித்தை?"

"மேடை ஒசரம் மதினி. எட்ட மாட்டேங்குது." கோதைநாயகி குள்ளம். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "மில்லு மேனேசர் வீட்ல இந்த ஒசரம்தானாம். அந்த அம்மா நல்ல நெட்டை. அதப் பாத்துட்டு வந்து இங்கயும் அதே அளவு."

"புளிப் பானை எங்க?"

கோதைநாயகி அண்ணாந்து காட்டினாள். கூரையை ஒட்டி வரிசையாகப் புது அலமாரி. "அவியளுக்குத்தான் எட்டும். அவிய என்னைக்கு அடுப்படிக்குள்ள வந்திருக்காவ? ஒரு கை புளி எடுக்கணும்னா ஜயாவ ஸ்டூல் போட்டு ஏறச் சொல்லணும்."

"நீ சொல்லக் கூடாதா?"

"என்ட்ட யாரு கேட்டா மதினி? ஜன்னல அடைக்காதீய, மதினிக்கு உசிருன்னு மட்டும் சொன்னேன். 'ஒனக்கு என்னடி தெரியும்'னாவ. அத்தோட வாய மூடிக்கிட்டேன்."

பங்கஜவல்லிக்குக் கோபம் இன்னும் ஒரு பங்கு ஏறியது. தனக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்திருந்தாள். இந்த வீட்டில் தினமும் நடமாடுகிற ஒருத்தியைக்கூடக் கேட்காமல் இவ்வளவும் நடந்திருக்கிறது. பின்னே யாருக்காகத்தான் இந்த அலங்காரம்?

யாருக்காக என்பது அடுத்த வாரம் தெரிந்தது. ஜயலக்ஷ்மிக்கு ஒரு வரன். ராஜபாளையத்தில் நூல் ஏஜென்சி நடத்துகிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். கண்ணபிரான் பின்னறை வாசலில் வந்து நின்றான். படி இறங்கவில்லை.

"அக்கா, ஒரு நாள் மட்டும் மம்சாபுரத்துல சித்தி வீட்ல இருந்துட்டு வாரியா? கார் வச்சே கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"இல்ல... பெரிய எடம். வீட்ல நடக்க முடியாதவுக இருந்தா, நாளைக்கு யாரு பாத்துக்கிடணும், செலவு பண்ணணும்னு யோசிப்பாங்க. நீ தப்பா எடுத்துக்கிடாத."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இதை எந்தப் பக்கமாக எடுத்துக்கொள்வது? இந்தப் பயலுக்கு ஒன்றாம் வகுப்பில் சிலேட்டு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள். கிணற்றுக்கு மோட்டார் போட்டது, ஓட்டுக் கூரையை மாற்றியது எல்லாம் அவள் சம்பளம். ஜயலக்ஷ்மியின் முகம் நினைவுக்கு வந்ததால் மட்டும் நாக்கை அடக்கினாள்.

"நான் எங்கயும் போறதா இல்ல. ஒன் மகளுக்காக அவங்க போற வரைக்கும் இந்தக் குகைக்குள்ளயே கெடக்கேன். போ."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு கார்களில் வந்தார்கள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தாலும் பேச்செல்லாம் கேட்டது. ஹாலைப் பார்த்து ஒருவர் வியந்தார். ஒரு பெண் குரல், "வீட்ல நீங்க மூணு பேருதானா?" என்று கேட்டது.

"மூணே பேருதாங்க. எங்க அக்கா ஒருத்தவுக உண்டு. வத்திராயிருப்புல சொந்தக்காரங்களோட இருக்காவ" என்றான் கண்ணபிரான். பதில் தயாராக இருந்தது.

பங்கஜவல்லி கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். வயிறு முட்டிக்கொண்டு வந்தது. மத்தியானம் குடித்த மோர். அவர்கள் போகட்டும், போகட்டும் என்று இருந்தாள். அவர்கள் போவதாக இல்லை. பஜ்ஜி, கேசரி, மில்லு விவகாரம், நூல் விலை. ஒரு கட்டத்துக்கு மேல் முடியவில்லை. நாற்பத்தாறு வயசுக்காரி சொந்த வீட்டில் ஒண்ணுக்குப் போக அனுமதிக்குக் காத்திருப்பதா! வாக்கரை எடுத்தாள். முதல் படி ஏறினாள். இரண்டாவது படியும் ஏறிவிட்டாள். ஹாலின் ஓரத்தில் திரையை விலக்கி அடி வைத்தபோது மொசைக் தன் வேலையைக் காட்டியது.

விழுந்த சத்தத்தில் ஹாலே எழுந்து நின்றது. வாக்கர் சோபாக் காலில் போய் மோதியது. சேலை விலகி, கம்பி குத்திய தழும்பெல்லாம் தெரிய, அத்தனை பேர் முன்னால் அவள் மல்லாந்து கிடந்தாள்.

"ஐயையோ, யாரு இவங்க?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

கண்ணபிரானின் வாய் ஒரு முறை திறந்து மூடியது. "ஒத்தாசைக்கு வந்திருக்கவுக" என்றான். "சமையலுக்கு."

விழுந்ததில் இடுப்பு விண்ணென்று தெறித்தது. ஆனால் அந்த வார்த்தைக்கு முன்னால் அது ஒரு வலியே இல்லை. அதற்குள் ஜயலக்ஷ்மி கையிலிருந்த காப்பித் தட்டை ஷோகேஸ் மேல் நங்கென்று வைத்துவிட்டு ஓடி வந்து பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அடி பட்டுச்சா? மெதுவா என் தோளப் பிடிங்க." பிறகு நிமிர்ந்து, வந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "இவங்க எங்கப்பாவோட அக்கா. டீச்சர். இது இவங்க வீடு."

கோதைநாயகியும் மகளுமாக அவளைத் தூக்கி, முற்றத்துக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வருவதற்குள் இரண்டு கார்களும் கிளம்பிவிட்டிருந்தன. கண்ணபிரான் சுச்சர்லாந்துக்குக் கீழே சோபாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவன் ராஜபாளையம் பஸ் ஏறியதும் பங்கஜவல்லி கோதைநாயகியைக் கூப்பிட்டாள்.

"மம்சாபுரம் சிவனாண்டிக்கு ஆள் சொல்லி விடு. கடப்பாரை, சம்மட்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

கோதைநாயகி செருப்பைப் போட்டுக்கொண்டு தானே கிளம்பிவிட்டாள்.

கொத்தனார் சிவனாண்டி வந்து படத்தைத் தடவிப் பார்த்தார். "புதுசா இருக்கே டீச்சர். ஐயா இல்லாதப்ப இடிக்கலாமா?"

"நான் இருக்கேன்ல?"

"அதுக்கில்ல, ஐயா வந்து என்னைய..."

"சிவனாண்டி, ஐயா இதக் கட்டுறப்ப என்னையக் கேட்டுட்டா கட்டுனாரு? இடிங்க. கேட்டா டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

ஹால் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஜயலக்ஷ்மி படத்தின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினாள். ஏரியும் படகும் ஒரே இழுப்பில் கிழிந்து வந்தன. பனி மலை மட்டும் பசையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. முதல் அடியில் பூச்சு உதிர்ந்தது. மூன்று நாலு அடியில் ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பார்த்தால் பழைய ஜன்னல் சட்டமும் கம்பியும் அப்படியே இருந்தன. கழற்றக்கூட மெனக்கெடாமல் அதன் மேலேயே கட்டியிருக்கிறார்கள். கோதைநாயகி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு செங்கல்லை ஒவ்வொன்றாக முற்றத்துக்குச் சுமந்தாள். சோபா, ஷோகேஸ், ஜரிகைத் திரை எல்லாவற்றிலும் செம்மண் தூசி. யாரும் மூடி வைக்கவில்லை. மூடி வைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவுமில்லை.

ஜன்னல் முழுசாகத் திறந்ததும் காற்று திமுதிமுவென்று உள்ளே வந்தது. பனைமரத்துக்கு மேலே மலை நீலமாகக் கிடந்தது. கோதைநாயகி செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே அப்படியே நின்றுவிட்டாள்.

"அடுக்களை மேடையையும் கொறைக்க முடியுமா சிவனாண்டி?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டாள்.

சாயங்காலம் கண்ணபிரான் வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"என்ன காரியம்க்கா பண்ணி வச்சிருக்க? பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"ஏலே, உள்ள வந்து பேசு."

"எம்புட்டு அலைஞ்சேன் இதுக்கு! எம்புட்டுப் பாடு பட்டேன்! நேத்து சம்பந்தம் போச்சு, இன்னைக்கு வீடு போச்சு. எல்லாம் ஒன்னால."

அவள் தடுமாறி எழுந்தாள். ஜயலக்ஷ்மி பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள்.

"என்னாலயா? நான் ஆஸ்பத்திரியில கெடக்கேன். கால் வருமா வராதான்னு தெரியல. அப்ப நீ வீட்ட மாத்துற. சரி, மாத்து. அக்கா நொண்டிக்கிட்டு வருவாளே, அவ எதப் பிடிச்சு நடப்பா, எங்க படுப்பான்னு ஒரு நிமிசம் நெனச்சியா? மினுக்குற தரையப் போட்டிருக்க. படிக்குக் கீழ படுக்க வச்சிருக்க. ஒன் பொண்டாட்டி பலகை மேல ஏறி நின்னு ஒலை வைக்கா, அதையாச்சும் கண் தொறந்து பாத்தியா? வாரவன் போறவன் செத்த நேரம் உக்காந்து பாக்குறதுக்கு இம்புட்டு. பொழுதன்னைக்கும் இங்கேயே கெடக்குற பொம்பளைகளுக்கு ஒண்ணுமில்ல. அதையும் பொறுத்துக்கிட்டேன். சமையக்காரின்னு சொன்ன பாரு!"

"அந்த நேரத்துல வாய்க்கு வந்துச்சுக்கா..."

"வராதுடா. அந்த நேரத்துல அக்கான்னுதான் வரும். நீ அதுக்கு முந்தியே என்னைய வத்திராயிருப்புக்கு அனுப்பி வச்சிட்டல்ல, அதான் வாய்ல வரல. சமையல் பண்றது கேவலமில்ல. நான் யாருன்னு சொல்ல ஒனக்குக் கூசுச்சு பாரு, அது கேவலம்."

கண்ணபிரான் மனைவியைப் பார்த்தான், அவளாவது தன் பக்கம் வருவாள் என்று. கோதைநாயகி கையிலிருந்த சாந்துச் சட்டியைக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்கும் கொத்தனார் வாராரு" என்றாள். "மேடையக் கொறைக்கணும். அடுப்படிப் பக்கம் வராதீய, தூசியா இருக்கும்."

அவன் செருப்போடு திரும்பி நடந்து தெருவுக்குப் போனான். அந்த வாரம் முழுக்க மில் கேன்டீனிலேயே சாப்பிட்டான்.

அடுத்து வந்த நாட்களில் வீடு மெல்ல மெல்ல வேறாயிற்று. பின்னறைப் படிகளைச் சிமெண்டு போட்டுச் சரிவாக்கினார் சிவனாண்டி. அங்கே நெல் மூட்டைகள் திரும்பி வந்தன. பங்கஜவல்லியின் கட்டில் ஜன்னலோரம் வந்தது. மறைப்பு வேண்டுமே என்று ஷோகேஸைத் திருப்பி நிறுத்தினார்கள். அதில் பொம்மைகள் போய்ப் புத்தகங்கள் ஏறின. சுவரோரமாக முற்றம் வரைக்கும் இரும்புப் பைப்பு ஒன்று பதித்தார்கள், பிடித்துக்கொண்டு நடக்க. வழுக்குத் தரையில் தேங்காய்நார்ப் பாய் விரித்தார்கள். கரகரவென்று இருந்தாலும் கால் நின்றது. ஜரிகைத் திரைக்குப் பதிலாக ஜயலக்ஷ்மி சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து, காயத்துக்குச் சுற்றுகிற கட்டுத்துணியை வாங்கி வந்து மஞ்சள் சாயம் முக்கித் தைத்து மாட்டினாள். வெயில் அதில் பட்டு ஹாலெல்லாம் இளமஞ்சளாக இருந்தது. அடுக்களையில் பானைகள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கின. ரெக்சின் சோபா என்னவோ அங்கேயேதான் கிடந்தது. அதற்கு ஒரு பழைய ஜமுக்காளத்தைப் போர்த்தியதும், அதிலும் மனிதர்கள் சாய்ந்து உட்காரலானார்கள்.

சித்திரை கடைசியில் தரகர் வந்தார். ராஜபாளையத்துக்காரர்களுக்குப் பெண்ணைப் பிடித்துத்தான் இருக்கிறதாம். அந்த டீச்சரம்மா பிற்காலத்தில் பெண்ணைத் தேடி வந்து தங்க மாட்டார்கள் என்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

ஜயலக்ஷ்மி அடுக்களையிலிருந்து வந்தாள்.

"எனக்கு வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள்.

"ஏட்டி, பெரியவங்க பேசும்போது..." என்று ஆரம்பித்தான் அப்பா.

"பெரியவங்க பேசட்டும்ப்பா. கட்டிக்கிடப் போறது நான்."

தரகர் காப்பியைக் கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார். கண்ணபிரானுக்கு அந்தக் கசப்பு கடைசிவரை போகவில்லை. மறு வருஷம் ஜயலக்ஷ்மிக்குச் சாத்தூரில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை அமைந்தபோதும், 'அந்த எடம் எப்பேர்ப்பட்ட எடம்' என்று முணுமுணுத்துக்கொண்டுதான் கல்யாண வேலை பார்த்தான். அக்காவிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவன் கேட்கவில்லை. அவளும் மறந்ததுபோல் நடித்துப் பெருந்தன்மை காட்டவில்லை. அவன் கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதோடு சரி.

தரகர் வந்துபோன அந்த வருஷம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பங்கஜவல்லி கைத்தடியோடு ரிக்‌ஷாவில் போய் இறங்கினாள். டைம்டேபிளில் அவளுக்கு மாடியில் எட்டாம் வகுப்பு போட்டிருந்தார்கள். கைப்பிடி இல்லாத குறுகலான மாடிப்படி. தலைமையாசிரியை தலை நிமிராமலே, "இந்த வருஷம் சமாளிச்சுக்கோங்க டீச்சர், கீழ ரூம் எல்லாம் ஃபுல்லு" என்றாள்.

பங்கஜவல்லி எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தடியை மேஜைமேல் குறுக்கே வைத்தாள்.

"மாடியில இருக்கிற பிள்ளைகளுக்கு ரெண்டு காலும் இருக்குல்ல மேடம்? அவங்களக் கீழ வரச் சொல்லுங்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

இரண்டாவது மணி அடிப்பதற்குள் எட்டாம் வகுப்பு பெஞ்சு, கரும்பலகையோடு கீழே வராந்தாவுக்கு இறங்கியது.